பொதுவெளிப் பத்தியும் உளவாய்மை ஐயமும்: இலங்கை அரசியலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஆட்சியை நாடுபவர் கோயிலிலோ விகாரையிலோ தேவாலயத்திலோ வணங்கி நிற்கும்போது, காண்பவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு: இவர் மெய்யாகவே நம்புகிறாரா, வாக்குக்காக வணங்குகிறாரா? கேள்வியின் வேர் பழையது. வேடத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள பிளவை ஆராயத் திருக்குறள் கூடாவொழுக்கம் என ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. அங்கே ஆராயப்படுபவர் தவவேடம் பூண்டவர். இங்கே ஆராயப்படுபவர் மக்களாட்சியில் வாக்கு நாடுபவர். வேடத்தைக் காண்போர் கையிலேயே பதவியும் இருப்பதால் சிக்கல் பன்மடங்காகிறது.

இக்கட்டுரை அக்கேள்வியை இலங்கை அரசியலில், 1931 முதல் 1978 வரையான காலத்தில் வைத்து ஆராய்கிறது. இவ்வெல்லையைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அங்கே முன்னணித் தலைவர்கள் சிலர் தாம் பிறந்த சமயத்தை விட்டுப் பெரும்பான்மையோர் சமயத்தை வெளிப்படையாகத் தழுவினர். இரண்டாவது, எல்லோருக்கும் வாக்குரிமை வந்த ஆண்டு தெளிவாகத் தெரிவதால், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை ஒப்பிட முடிகிறது. மூன்றாவது, அப்பத்தியின் விளைவுகள் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் பதிவாகியுள்ளன.

2. வரையறைகள்

ஆய்வில் பயிலும் நான்கு சொற்களின் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம்.

பொதுவெளிப் பத்தி என்பது, ஆட்சியை நாடுபவரோ உடையவரோ, வாக்காளர் அறியும்படி செய்யும் சமயச் செயல். வழிபாடு, சமய மாற்றம், உடை, யாத்திரை, கொடை, சமயம் பற்றிய சட்டம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வீட்டுப் பூசையறையில் நிகழ்வது இதில் அடங்காது. அதைப் படம்பிடித்து வெளியிட்டால் அடங்கும்.

உளவாய்மை என்பது, புறச்செயல் காட்டும் நம்பிக்கை அகத்திலும் அவ்வாறே இருத்தல்.

கட்டுறவு என்பது, பொதுவில் செய்த சமயச் செயல் பின்னாளில் செய்தவர்மேல் சுமத்தும் கடப்பாடு. அவர் நம்பிச் செய்தாலும் நம்பாமல் செய்தாலும் இக்கடப்பாடு விளையும்.

விலைப்பொறுப்பு என்பது, ஒரு பத்திச் செயலுக்கான இழப்பைச் சுமப்பவர் யார் என்னும் வரையறை. அவர் செய்தவரே ஆகலாம், அவருடைய குடும்பம் ஆகலாம், அரசு ஆகலாம், வேறு சமயத்தவரோ இனத்தவரோ ஆகலாம்.

முதலிரு சொற்களும் மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் குறிக்கின்றன. பின்னிரு சொற்களும் நாம் அதனிடத்தில் வைக்க விரும்பும் கேள்விக்கு உரியவை.

3. வகைகள்

பொதுவெளிப் பத்தியை நான்காக வகுக்கலாம். விலைப்பொறுப்பு யார்மேல் விழுகிறது என்பதை ஒவ்வொரு வகையிலும் குறிக்கிறோம்.

முதலாவது, அடையாள வகை. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1899இல் மகா முதலியார் ஒருவரின் மகனாக, அங்கிலிக்கன் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவர் பெயரிலுள்ள ‘வெஸ்ட் ரிட்ஜ்வே’ அக்காலத்து ஆளுநரின் பெயர். ஆக்ஸ்போர்டில் படித்து 1925இல் நாடு திரும்பிய அவர், அடுத்த சில ஆண்டுகளில் மேலை உடையை விட்டுத் தேசிய உடைக்கும், திருச்சபையை விட்டுப் பௌத்தத்துக்கும் மாறினார். இவ்வகையில் விலை பெரும்பாலும் செய்தவருடையது: குடும்பத்தின் மனத்தாங்கல், பழைய வட்டத்தின் ஏளனம்.

இரண்டாவது, யாத்திரை வகை. வழிபாட்டிடம் நோக்கிப் பலர் காணச் செல்லுதல் இது. 1957 அக்டோபரில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜே.ஆர். ஜயவர்த்தன, தமிழ்த் தலைவர் செல்வநாயகத்துடன் பண்டாரநாயக்க செய்த பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கொழும்பிலிருந்து கண்டி தலதா மாளிகை நோக்கி நடந்தது இதன் முழுமையான வடிவம். இம்புல்கொடவில் ஆளுங்கட்சியினர் அதைத் தடுத்தனர். யாத்திரையின் உருவத்தில் ஓர் அரசியல் கோரிக்கை இங்கே நடந்து சென்றது. நடந்த களைப்பு அவருடையது. ஒப்பந்தம் கைவிடப்பட்டால் இழப்பு தமிழருடையது.

மூன்றாவது, கொடை வகை. கோயில் எடுத்தலும் கல்விக்கூடம் நிறுவுதலும் இதில் அடங்கும். கொழும்பு பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கற் கோயிலாக எடுத்தவர் பொன்னம்பலம் இராமநாதன். 1913இல் பெண்களுக்கும் 1921இல் ஆண்களுக்கும் சைவக் கல்லூரிகளை நிறுவியவரும் அவரே. சிங்களர் பக்கத்தில் களனி விகாரையைப் புதுப்பித்த விஜேவர்தன குடும்பம் இவ்வகைக்கு உரியது. ஜயவர்த்தனவின் தாய்வழி அக்குடும்பமே. கொடுப்பவர் தம் பொருளைக் கொடுப்பதால் விலை அவருடையது; நிற்பது ஊருக்குரியது. ஆயினும் கொடை மட்டும் ஒருவரின் அரசியலைத் தூய்மையாக்கிவிடாது. எல்லோருக்கும் வாக்குரிமை அளிப்பதை எதிர்த்தவரும் இராமநாதனே.

நான்காவது, சட்ட வகை. பத்தி இங்கே அரசின் ஆணையாகிறது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவும், 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தன. இதில் இயற்றியவர் கொடுப்பது ஏதுமில்லை. விலையைச் சுமப்பவர் அந்தச் சமயத்தைச் சாராத குடிமக்கள்.

4. காரணங்கள்

இவ்வகைகள் தழைத்தமைக்குரிய காரணங்களை நான்காகக் காண்கிறோம்.

அ) முன்வழக்கு. பதவிக்காகச் சமயம் மாறுதல் 1931இல் தொடங்கியதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் சுதேச அதிகாரப் பதவி பெறுபவர் அவர்களுடைய திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். ஆங்கிலேயர் அந்நிபந்தனையை விட்டதும், ஏட்டளவில் கிறிஸ்தவராயிருந்த பெருந்தொகையினர் தத்தம் பழைய சமயத்துக்குத் திரும்பினர். யாழ்ப்பாணத்தில் அந்நிய ஆட்சிக் காலத்தைப் பற்றி வழங்கிவரும் ஒரு செய்தி இங்குக் கருதத்தக்கது: விரத நாளில் உண்ட வாழையிலையை அதிகாரிகள் கண்ணில் படாதபடி வீட்டுக் கூரையில் செருகி மறைத்தனராம். அன்று ஆட்சியாளருக்குக் காட்டியது ஒரு சமயம், மறைத்தது மற்றொன்று. சமயத்துக்கும் பதவிக்கும் இடையிலான இத்தொடர்பு தலைமுறைகளாக ஊறியிருந்தது.

ஆ) வாக்குரிமை. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931இல் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. அதற்கு முன் மக்கட்டொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு நால்வரே வாக்காளர். பதவி தருபவர் ஆளுநர் என்னும் நிலை மாறி, பதவி தருபவர் ஊர் மக்கள் என்றாயிற்று. சிங்கள ஊர்களில் அம்மக்கள் பௌத்தர். எனவே அக்காலத்தில் சமயம் மாறிய தலைவர்களை எதிர்ப்பாளர்கள் ‘டொனமூர் பௌத்தர்’ என்று அழைத்தனர். உளவாய்மை ஐயம் இப்பெயரிலேயே அடங்கியிருந்தது.

இ) உண்மையான மனக்குறை. குடியேற்ற அரசு மிஷன் பள்ளிகளுக்குத் துணைநின்றமை, ஆங்கிலம் கற்ற கிறிஸ்தவர் பதவிகளில் மிகுந்திருந்தமை ஆகியவற்றால் பௌத்தர் புண்பட்டிருந்தனர். 1873இல் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையே நடந்த பாணந்துறை விவாதமும், 1880இல் பௌத்த ஆதரவாளர் ஒல்கொட்டின் வருகையும் தொடங்கிவைத்த மறுமலர்ச்சி இக்குறையிலிருந்து வலிமை பெற்றது. ஆகவே அக்காலத்து இளைஞர் ஒருவர் பௌத்தத்துக்குத் திரும்பியதை முற்றிலும் கணக்குப் போட்ட செயல் என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. தன்மானமும் தேசப்பற்றும் அதில் கலந்திருந்தன.

ஈ) போட்டி. ஒருவர் பத்தி காட்டினால் எதிரியும் காட்ட வேண்டியதாகிறது; முந்தியவரை விஞ்சவும் வேண்டியதாகிறது. 1943இல் களனி இடைத்தேர்தலில் ஜயவர்த்தன வென்றார். தோற்றவர் ஈ.டபிள்யூ. பெரேரா. 1915 கலவரத்தை அடக்குவதாகச் சொல்லிச் சிங்களப் பௌத்தர்மேல் அரசு கட்டவிழ்த்த கொடுமையை எதிர்த்து லண்டன் சென்று வாதாடிய கிறிஸ்தவர் அவர். பௌத்தருக்காக அவர் செய்தது அத்தேர்தலில் அவரைக் காக்கவில்லை. வேட்பாளரின் சமயம் பேசுபொருளாவது சிங்களருக்கு மட்டும் உரியதுமன்று. 1879இல் சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதி இடத்துக்குக் கிறிஸ்தவரான கிறிஸ்தோபர் பிரிட்டோவின் பெயர் முன்வந்தபோது, ஆறுமுக நாவலர் இராமநாதனுக்காக உழைத்தார்.

இந்நான்கில் வாக்குரிமையைக் குற்றவாளியாக்குவது பிழை. ஆளுநரை மகிழ்விக்கச் சமயம் மாறிய காலத்தைவிட, ஊர் மக்களை மதித்து அவர்கள் முன் நிற்க வேண்டியிருந்த காலம் உயர்ந்தது. குற்றம் போட்டியின் திசையில் இருந்தது.

5. படிநிலைகள்

பத்தி கட்டுறவாக இறுகும் முறையைப் பண்டாரநாயக்கவின் அரசியல் வாழ்வில் ஐந்து படிகளாகக் காணலாம்.

முதற்படி, அறிவிப்பு. தம் மாற்றத்தை ஒருவர் ஊரறியச் சொல்லுதல். இப்படியில் கட்டு தளர்வானது. கூட்டாட்சியே இலங்கைக்கு ஏற்றது என 1926இல் வாதிட்ட பண்டாரநாயக்கவுக்குத் தம் கருத்தைத் தாமே அமைத்துக்கொள்ளும் உரிமை அப்போது இருந்தது.

இரண்டாம் படி, திரட்டல். 1930களில் அவர் சிங்கள மகா சபையை நிறுவினார். 1951இல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு நீங்கிச் சிறீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். தனி ஒருவரின் சமயம் ஓர் அணியின் அடையாளமாயிற்று.

மூன்றாம் படி, ஒப்படைப்பு. புத்தரின் 2500ஆம் ஆண்டு நிறைவான புத்த ஜயந்தி 1956 மே மாதம் தொடங்கவிருந்தது. அதை ஒட்டி அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த தேர்தலில், எக்சத் பிக்கு பெரமுனவைச் சேர்ந்த பிக்குகள் ஊர் ஊராகச் சென்று அவருக்காக உழைத்தனர். அவர் தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி 95 இடங்களில் 51ஐ வென்றது. வெற்றியோடு ஒரு கடனும் வந்தது. ஜூன் 5 அன்று சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் மசோதா வந்தது; அன்றே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் தாக்கப்பட்டனர்.

நான்காம் படி, கட்டுறல். 1957 ஜூலை 26 அன்று பண்டாரநாயக்க, செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். தமிழ்ப் பகுதிகளுக்குப் பிரதேச சபைகள் வழியே ஓரளவு அதிகாரப் பகிர்வு அதில் இருந்தது. 1926இல் பேசியவரின் குரல் அதில் ஓரளவேனும் கேட்டது. ஆனால் 1958 ஏப்ரல் 9 அன்று, கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் உள்ள அவர் இல்லத்தின் முன் பிக்குகள் அமர்ந்தனர். அவர் பணிந்தார், ஒப்பந்தம் கைவிடப்பட்டதென எழுத்திலும் கொடுத்தார். அடுத்த மாதமே இனக்கலவரம் மூண்டது. பலர் கொல்லப்பட்டனர், தெற்கிலிருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்டனர்.

ஐந்தாம் படி, நிலைபேறு. 1959 செப்டம்பர் 25 அன்று அதே இல்லத்தில் தல்துவே சோமராம என்னும் பிக்கு அவரைச் சுட்டார். மறுநாள் அவர் இறந்தார். சதிக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் முதன்மையானவர், 1956இல் அவர் வெற்றிக்கு உழைத்த களனி விகாரைத் தலைவர் மாப்பிட்டிகம புத்தரக்கித்த. கட்டுண்டவர் மறைந்த பிறகும் கட்டு மறையவில்லை. அவர் மனைவி சிறிமாவோவின் ஆட்சி அதை 1972இல் அரசியலமைப்பில் எழுதியது. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த, முந்தைய சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு அப்போது நீங்கியது. போட்டிக் கட்சியின் ஜயவர்த்தன 1978இல் அம்முதன்மையை உறுதிசெய்தார். தர்மிஷ்ட (அறவழி) சமுதாயம் அமைப்பதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தவர் அவர். அவர் ஆட்சியில்தான் 1983 ஜூலைப் படுகொலை நிகழ்ந்தது.

6. ஐயத்தின் அளவைகள்

இனி உளவாய்மையை அறிய வழி உண்டா என்று பார்ப்போம். சைவ நூல்கள் அறிவுக்கு வாயிலாகக் கொள்ளும் அளவைகளுள் தலையாயவை காட்சி, கருதல், உரை ஆகிய மூன்று.

காட்சி பயன்படாது. வணங்கும் கை கண்ணுக்குத் தெரியும். வணங்கும் மனம் தெரியாது.

உரையும் பயன்படாது. தம் நம்பிக்கைக்குத் தாமே சான்று சொல்பவர், அச்சான்றால் பயன்பெறுபவராகவும் இருக்கிறார். உரை அளவையாவதற்குச் சொல்பவர் விருப்பு வெறுப்பு அற்றவராதல் வேண்டும்.

கருதலே எஞ்சுகிறது. புகையைக் கண்டு தீயைக் கருதுவது, தீயின்றிப் புகை எங்கும் இல்லாமையால் செல்லும். பொதுவெளிப் பத்திக்கு அப்படி ஓர் ஒற்றைக் காரணம் இல்லை. நம்பிக்கையும் அதை விளைக்கும். வாக்கு வேட்கையும் விளைக்கும். இரண்டும் சேர்ந்தும் விளைக்கும். எனவே பத்தியைக் கண்டு நம்பிக்கையைக் கருதும் அன்பர் பிழை செய்கிறார். அதே பத்தியைக் கண்டு பொய்மையைக் கருதும் எதிர்ப்பாளரும் அதே பிழையைத்தான் செய்கிறார். ‘டொனமூர் பௌத்தர்’ என்ற பெயர் கூர்மையானதே. ஆனால் அது நிறுவப்படாத முடிபு.

நேரடி வழி அடைபட்டதால், அகத்தை விட்டுச் செயலை அளக்கும் மூன்று சோதனைகளை முன்வைக்கிறோம்.

பயனின்மைச் சோதனை: பயன் ஏதும் கிட்டாத இடத்திலும், பயனை இழக்கும் இடத்திலும் அவர் தம் சமயத்தின்படி நடந்தாரா?

விலைச் சோதனை: அவர் காட்டிய பத்திக்கு விலை கொடுத்தவர் யார்?

மறுப்புச் சோதனை: தம்முடன் அதே சமயத்தைக் கொண்டாடுபவர், அச்சமயத்தின் அறத்துக்கே மாறானதைக் கேட்டபோது, மறுக்க அவரால் முடிந்ததா?

பண்டாரநாயக்கவுக்கு இவற்றைப் பொருத்துவோம். குண்டடிபட்ட நிலையில் அவர் நாட்டுக்கு விடுத்த செய்தியில், தம்மைச் சுட்டவரிடம் இரக்கம் காட்டும்படியும் பழிவாங்காதிருக்கும்படியும் வேண்டினார். வெல்ல வேண்டிய தேர்தல் அப்போது அவர் மனத்தில் இருந்திருக்க முடியாது. பயனின்மைச் சோதனையில் அவர் தேறுகிறார். அடையாளத்தளவில் விலை கொடுத்தவர் அவரே. ஆயினும் சட்டமாகவும் கலவரமாகவும் வந்த பெரிய விலையைக் கொடுத்தவர் தமிழர். விலைச் சோதனையில் அவர் தோற்கிறார். 1958 ஏப்ரல் 9 அன்று மறுப்புச் சோதனையிலும் தோற்றார்.

இதிலிருந்து பெறப்படுவதே எம் ஆய்வின் மையக் கருத்து. எதிர்ப்பாளர் எண்ணியதைவிட அவர் உண்மையான பௌத்தராகவே இருந்திருக்கலாம். அவ்வுண்மை 1958 மே மாதத்தில் வீடிழந்து ஓடிய எவரையும் காக்கவில்லை. ஆட்சியாளரின் உளவாய்மையும் அவர் ஆட்சியின் நேர்மையும் வேறு வேறு பொருள்கள். முன்னதை நிறுவியோ மறுத்தோ பின்னதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

7. எதிர்ச்சான்று

வாக்கு நாடுபவருக்குப் பெரும்பான்மைச் சமயத்தைக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஒருவர் தடை எழுப்பலாம். அதற்கு விடை காங்கேசன்துறைத் தொகுதியில் உள்ளது.

எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர், கிறிஸ்தவர். அவர் தொகுதி மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலைத் தீர்த்தமும் அமைந்த சைவ நிலம். 1947இல் அங்கே வென்றார். 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1952இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். நடேசன் சைவர்; இராமநாதனின் மருமகன். சமயம் மாற ஒரு தூண்டுதல் தேவை என்றால் அத்தோல்வியே போதுமானது. செல்வநாயகம் மாறவில்லை. 1956இல் மீண்டும் நின்று வென்றார். அதன்பின் தம் தொகுதியில் தோற்கவில்லை. அவரைச் சைவ வாக்காளர் தந்தை செல்வா என்றே அழைத்தனர். பயனின்மைச் சோதனைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இச்சான்றின் வரம்பையும் குறிக்க வேண்டும். மொழிக்கு நேர்ந்த அச்சம் தமிழ் வாக்காளரிடையே சமய வேறுபாட்டைப் பின்தள்ளியிருந்தது. அமைதியான பத்தியும் எல்லாக் கடமையையும் தீர்த்துவிடுவதில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழையப் போராடியபோது, சி. சுந்தரலிங்கம் வெளிப்படையாகத் தடுத்து நின்றார். தமிழரசுக் கட்சி உறுதியாகச் செயற்படவில்லை என இடதுசாரிகள் குறைகூறினர். தம் சமயத்தைக் காட்சிப்பொருளாக்காமை ஒரு நற்பண்பு. நீதிக்காகப் பேசவேண்டிய இடத்தில் பேசுவது வேறொரு பண்பு. முதலாவது இரண்டாவதற்கு ஈடாகாது.

8. முடிபுகள்

இதுவரை ஆராய்ந்தவற்றால் நான்கு முடிபுகள் பெறப்படுகின்றன.

ஒன்று: பொதுவெளிப் பத்தியின் உளவாய்மையைக் காட்சியாலோ கருதலாலோ உரையாலோ அறிய இயலாது. நம்பியவரும் ஐயுற்றவரும் ஒரே வகையில் எல்லை கடக்கின்றனர்.

இரண்டு: பத்தி, அதன் உளவாய்மை எத்தகையதாயினும், செய்தவரைக் கட்டும். அக்கட்டு அறிவிப்பில் தளர்ந்தும், சட்டத்தில் இறுகியும் நிற்கும். தளர்வாயிருக்கும்போதே அதைக் கேள்வி கேட்பது குடிமக்களின் கடமை.

மூன்று: தலைவர் தம் பொருளையும் வசதியையும் கொடுத்துக் காட்டும் பத்தியில் பிறருக்கு வழக்கில்லை. பிறருடைய மொழியையும் நிலத்தையும் பாதுகாப்பையும் கொடுத்துக் காட்டும் பத்தியில், அது எவ்வளவு உண்மையான பத்தியாயினும், வழக்குண்டு.

நான்கு: வாக்காளர் சமய வேறுபாட்டைப் பொருட்படுத்தாத இடத்தில் தலைவருக்கு வேடம் தேவைப்படுவதில்லை. காங்கேசன்துறை வாக்காளர் தம் தலைவருக்கு அளித்த உரிமை அது. அதை அளிப்பதும் மறுப்பதும் மக்கள் கையில்தான் உள்ளன.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்த ஜயவர்த்தன 1996இல் மறைந்தார். அவர் உள்ளத்தில் புத்தர் எந்த இடத்தில் இருந்தார் என்று இனி எவரும் ஆராய முடியாது. ஆராயத் தேவையும் இல்லை. அவ்வுறுப்புரைக்கு விலை கொடுத்துவரும் குடிமக்கள் உயிரோடிருக்கிறார்கள். அவர்களைக் கேட்பதிலிருந்தே அடுத்த அரசியலமைப்பு பற்றிய ஆய்வு தொடங்க வேண்டும்.